ஆளுக்கு ஒரு லிட்டர்

ஜூன் 4

தம்பி,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் செய்ய முடியாது, கிழித்துத்தான் போட முடியும். கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது. மின்தகன நிலையத்தில் கொடுத்த சாம்பல் டப்பா இன்னும் உன் துணி அலமாரியில்தான் இருக்கிறது என்றாய். எனக்கு அதில் பாதி வேண்டும்.

"அவர் படுக்கையில கிடந்த நாலு வருஷமும் எட்டிப் பார்க்காதவளுக்கு என்ன பாதி?" என்று கேட்டாய். கேட்க உனக்கு உரிமை உண்டு. அவரைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்தது எல்லாம் நீதான். இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் பெற்றது இரண்டு பேரை.

இரண்டு நிபந்தனை. ஒன்று, சரிபாதியாக இருக்க வேண்டும். நான் மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் அரைப்பவள். கால் பவர் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன். இரண்டு, அந்த இரண்டு பாதியும் இனி எந்தக் காலத்திலும் ஒரே கூரையின் கீழ் வரக் கூடாது. உன்னுடையது அங்கே, என்னுடையது இங்கே, நடுவில் எட்டு மணி நேர ரயில் பயணம். ஏன் என்று கேட்காதே. கேட்டால் பொய்தான் சொல்வேன்.

அக்கா

ஜூன் 17

அக்கா,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கோபம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

உன் பாதி நாளை பார்சலில் கிளம்புகிறது. பெட்டியைத் திறந்ததும் நீ குதிப்பாய் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் சாம்பல் நிறத்தில் பால் மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் அப்பா.

டப்பாவை ஒரு பேப்பரில் கொட்டிப் பார்த்தேன். சாம்பல் என்றால் விபூதி மாதிரி மெத்தென்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது மணலும் ஓட்டுச் சில்லுமாக இருந்தது. நடுவில், அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷனில் வைத்த ஸ்டீல் திருகாணி. கரண்டியால் இரண்டாகப் பிரித்தால் யாருக்கு நெற்றி, யாருக்கு முழங்கால்? தராசில் சமமாக நிற்கும், ஆளில் நிற்காது. "உனக்குத்தான் நல்ல பாதி" என்று நாளைக்கு நீயே சொல்வாய்.

அதனால் எனக்குத் தெரிந்த வழியில் பிரித்தேன். பெயின்ட் கம்பெனி லேபில் என் வேலை என்னவென்று நீ கேட்டதே இல்லை. தண்ணீரோடு சேராத நிறப் பொடியைச் சேர வைப்பதுதான் என் வேலை. அதற்கு ஓர் இயந்திரம் இருக்கிறது, சோனிகேட்டர் என்போம். விரல் தடிமனில் டைட்டானியம் கம்பி. அதன் முனையைத் தண்ணீரில் முக்கினால் நொடிக்கு இருபதாயிரம் தடவை மேலும் கீழும் துடிக்கும். துடிப்பது கண்ணுக்குத் தெரியாது, அதன் அசைவு ஒரு மயிரிழை தூரத்துக்குத்தான். அந்தத் துடிப்பில் தண்ணீருக்குள் கோடிக்கணக்கில் குட்டிக் குமிழிகள் பிறந்து, பிறந்த கையோடு நசுங்கும். ஒவ்வொரு குமிழி நசுங்கும்போதும் பக்கத்தில் இருக்கும் துகளுக்கு ஓர் அடி விழும். ஒட்டிக்கொண்டு இருப்பதெல்லாம் உதிர்ந்து தனித்தனியாகிவிடும்.

ஞாயிறு மத்தியானம், லேபில் யாரும் இல்லை. திருகாணியை எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கல்வத்தில் பொடித்துச் சலித்தேன். இரண்டு லிட்டர் தண்ணீர், துகள்கள் திரும்ப ஒட்டாமல் இருக்கச் சில சொட்டு மருந்து. சூடேறும் என்பதால் சுற்றிலும் ஐஸ். பத்து நொடி ஓட்டம், ஐந்து நொடி ஓய்வு என்று மூன்று தவணையாக ஓட்டி, எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கினேன். மேலே ஒரு மில்லி, அடியில் ஒரு மில்லி எடுத்துக் காய வைத்து நிறுத்தேன். இம்மி பிசகவில்லை. இப்போது எந்தச் சொட்டை எடுத்தாலும் அதில் அப்பா முழுசாக இருக்கிறார். ஆளுக்கு ஒரு லிட்டர். இதைவிடச் சரிபாதி உலகத்தில் கிடையாது.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்த ஐந்து நொடி ஓய்வுகளில், சத்தம் வெளியே வராமல் இயந்திரத்தை மூடி வைக்கும் பெட்டிக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேச ஆரம்பிக்கும் முன் அப்பா செருமுவாரே, அப்படி. காதுக்கவசத்தைக் கழற்றிக் கேட்டேன், ஒன்றும் இல்லை. அந்த இயந்திரத்தின் கீச்சொலி நாள் முழுக்கக் காதில் தங்கும், அதுதான் காரணம்.

தம்பி

ஜூன் 25

டேய்,

அப்பாவை அரைத்தாயா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போய்விட்டதா?

நான் பாதி கேட்டேன். ஒவ்வொரு சொட்டிலும் அவர் முழுசாக இருக்கிறார் என்று பெருமையாக எழுதி எனக்கு முழு அப்பாவை அனுப்பியிருக்கிறாய். என்ன செய்துவிட்டாய் என்று உனக்குத் தெரியாது.

ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். மூடியைத் திறக்கவில்லை.

ஜூலை 1

அக்கா,

அரைத்தேன். அரைக்காமல் பாதியாக்க முடிந்தால் நீ செய்து காட்டு.

பயப்பட ஒன்றும் இல்லை. எப்படிக் கலக்கினாலும் எலும்புத் தூள் கனமானது, தானாக அடியில் இறங்கும். நான் போட்ட மருந்துக்குப் பத்து நாள் தாங்கும். அப்புறம் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளைப் படிவு. தண்ணீரை வடித்துவிட்டுப் படிவைக் காய வைத்து, எங்கே போட வேண்டுமோ போட்டுக்கொள்.

தம்பி

ஜூலை 14

தம்பி,

சண்டைக்கு எழுதவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் பத்து நாள் தாண்டிவிட்டது. ஒரு துளிகூட இறங்கவில்லை. பாட்டிலின் கழுத்து வரைக்கும் முதல் நாள் பார்த்த அதே பால்தான். தொட்டுப் பார்த்தேன், உள்ளங்கைச் சூட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் குடிதண்ணீர் பாட்டில் சில்லென்றுதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஜன்னல், ஒரே வெயில்.

லென்ஸில் கீறல் பார்க்கும் உருப்பெருக்கியைக் கொண்டுவந்து பார்த்தேன். நான் உட்காரும் நாற்காலி இருக்கும் பக்கத்தில் மட்டும் கலங்கல் கெட்டியாகக் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறது. மறுபக்கம் லேசு. பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டு டீ குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் கெட்டி திரும்ப என் பக்கம் வந்துவிட்டது. நாற்காலியை எதிர் மூலைக்கு மாற்றினேன். அதுவும் மாறியது. நான் கண்ணை வைத்துப் பிழைப்பவள். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. மூன்று மணிக்குப் பட்டறையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு சத்தம் அடங்குகிறது. ஒரு காலை எடுத்து வைத்து மற்றதை இழுக்கும் சத்தம். கீழ் வீட்டு அம்மா நேற்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "உங்க வீட்டுக்கு யாரோ பெரியவர் வந்திருக்காராம்மா? பகல் பூரா நடந்துட்டே இருக்காரே, கால்ல ஏதும் பிரச்சினையா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். வேறென்ன சொல்வது?

அதில் நீ வேறு என்ன போட்டாய்? உண்மையைச் சொல்.

அக்கா

ஜூலை 21

அக்கா,

வேறு எதுவும் போடவில்லை. சத்தியம்.

உன் கடிதம் வந்ததும் என் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். என்னுடையது மூன்றாம் நாளே தெளிந்துவிட்டது என்பதை உனக்கு எழுதவில்லை. மருந்து குறைவாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அப்போது அடியில் விரல் கனத்துக்குப் படிவு இருந்தது. இப்போது ஒரு கோடுகூட இல்லை. லேபுக்குக் கொண்டுபோய் நன்றாகக் குலுக்கி ஒரு மில்லி எடுத்துக் காய வைத்தேன். தட்டில் எதுவும் மிஞ்சவில்லை. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் வெறும் தட்டு. நான் திறக்கும்வரை மூடியில் ஒட்டிய சீல் அப்படியேதான் இருந்தது.

உன் பாட்டிலை ஒருமுறை எடை போட்டுப் பார். கூடியிருக்கும்.

சிரிப்பாய் இருக்கிறது அக்கா, அழுகையும் வருகிறது. நான்கு வருஷம் தினமும் சாயங்காலம் அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "அவ வந்துட்டாளா?" நான் வாயில் வைக்கும் கரண்டியைத் தட்டிவிட்டுக் கேட்பார். "இன்னும் இல்லப்பா" என்பேன். ஒருநாள், ஒரே ஒருநாள், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கலாம். செத்த பிறகாவது பாதி எனக்கு என்று இருந்தேன். அதுவும் எழுந்து உன் வீட்டுக்கு வந்துவிட்டது. பிரித்த பின்னும் உன்னைத்தான் பார்க்கிறார்.

அப்படி என்ன செய்தாய் நீ? விழுந்து கிடந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவள்.

தம்பி

ஜூலை 28

தம்பி,

எடை போட்டேன். கூடியிருக்கிறது. ஒரு லிட்டருக்கு இருக்க வேண்டியதைவிடக் கால் கிலோவுக்குப் பக்கத்தில்.

என்ன செய்தாய் என்று கேட்டாய். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? உனக்கு ஒன்பது வயது என்றாலும் ஞாபகம் இருக்கும். எனக்குப் பத்தொன்பது. இந்தப் பட்டறையில் வேலைக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செருமினார். "எல்லாம் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கணும்" என்றார். அன்று சாயங்காலம் என் அறைக்கு வெளியிலிருந்து தாழ் விழுந்தது. பதினொரு நாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதைவிட அடி எவ்வளவோ மேல்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கதவைத் தள்ளினேன், திறந்துகொண்டது. நாற்காலியில் அவர் கண்ணயர்ந்திருந்தார். ஓடினேன். படியில் பின்னாலேயே வந்து விழுந்தார். இடுப்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்திருந்தால் இன்னும் அந்த அறையில்தான் இருந்திருப்பேன்.

தாழை எடுத்துவிட்டது நீதான் என்று எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்ல இருபத்தேழு வருஷமாக வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

நான் பாசத்தில் பாதி கேட்கவில்லை. அவர் எந்த இடத்திலும் முழுசாக இருக்கக் கூடாது என்றுதான் கேட்டேன். நீ என்னடாவென்றால் சொட்டுக்குச் சொட்டு முழுசாக்கி அனுப்பினாய். இப்போது உன் பங்கும் என் ஜன்னலில் இருக்கிறது. நேற்று, ஜன்னலோரம் நான் உட்காரும் நாற்காலி என் படுக்கையறைக் கதவுக்கு வெளியே கிடந்தது. நான் போடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எப்படி அடக்குவது என்று சொல்.

அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா,

நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. என் மேல் கோபப்பட வேண்டியது நீதான். ஏனென்று சொல்கிறேன்.

அந்தத் தாழைப் போட்டது அப்பா இல்லை, நான். தினமும் உனக்குத் தட்டை உள்ளே தள்ளிவிட்டுத் தாழ் போடும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். "சின்னவனே, போட்டியா?" என்பார். "போட்டேம்பா." அந்த நாற்காலியிலிருந்தே என் தலையைத் தடவுவார். அந்தத் தடவலுக்காகப் போட்டேன். உள்ளே நீ அழுவது கேட்டும் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் நான் திறந்துவிடவில்லை அக்கா. மறந்துவிட்டேன். வெளியே பந்து விளையாடக் கூப்பிட்டார்கள், தட்டை வைத்துவிட்டு ஓடிவிட்டேன். அவ்வளவுதான். அதற்கு எனக்கு நன்றி சொல்லாதே. அன்றோடு தலையைத் தடவுவதும் நின்றது. அதைத் திரும்ப வாங்கத்தான் நான்கு வருஷம் மலம் அள்ளினேன் போலிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. துகள்களைத் தண்ணீரில் இறங்கவிடாமல் வைத்திருப்பது அவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்பதுதான். உப்பு போட்டால் அந்தத் தள்ளல் போய்விடும். எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கட்டியாகி, கல் மாதிரி அடியில் விழுந்துவிடும். லேபில் வீணான கலவையை அப்படித்தான் கொல்வோம். இரண்டு கரண்டி உப்பைப் போட்டு, மூடி, தள்ளி நில். பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். பன்னிரண்டாம் தேதிக்கு மேல்தான் எனக்கு லீவு. வந்து படிவை எடுத்துக்கொண்டு போகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 8

தம்பி,

நீ சொன்னபடியே செய்தேன். முந்தாநாள் மூன்றரை மணிக்கு மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. உப்பைப் போட்டதும் பால் திரிவது மாதிரி திரிந்தது. உருப்பெருக்கியில் பார்த்தேன். துணுக்குத் துணுக்காக ஒன்றை ஒன்று தேடிப்போய் ஒட்டிக்கொண்டன. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? ஒன்றுகூட வழி தவறவில்லை. பத்து நிமிஷத்தில் அடியில் ஒரு கட்டி, மேலே தெளிந்த தண்ணீர்.

தண்ணீரை வடித்தேன். வடித்து முடித்துப் பார்த்தால் பாட்டிலில் எதுவும் இல்லை. கட்டியையும் காணோம். பாட்டில் ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு நடக்கும் சத்தம் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன். இரண்டு நாளாகப் பட்டறைக்குப் போகவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. வெளியே என்ன இருக்கிறது? இடுப்பில் மட்டும் ஒரு வலி, ஒரு காலை இழுத்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அது போகப் போகச் சரியாகிவிடும்.

நீ அங்கே தனியாக என்ன செய்கிறாய்? வேலையை விட்டுவிட்டு வா. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அவள் இங்கேதான் இருக்கிறாள், எங்கேயும் போகமாட்டாள். கதவுக்கு வெளியே தாழ் வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். போடுவதற்குத்தான் நீ வேண்டும்.

சீக்கிரம் வா, சின்னவனே.

ஆகஸ்ட் 11

அக்கா,

முதல் பக்கம் உன் கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில் பாதிக்கு மேல் எழுத்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வை அப்பா எழுதிய மருந்துச் சீட்டிலும் மளிகைச் சீட்டிலும் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். நீ என்னைச் சின்னவனே என்று கூப்பிட்டதும் இல்லை. போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். செருமினார்கள். வைத்துவிட்டார்கள்.

நான் முட்டாள். துகள்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் என் தொழில். பிரிந்து கிடந்தவரையில் அவரால் பாட்டிலின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உன்னைப் பார்க்கவும் வெளியே நடக்கவும்தான் முடிந்தது, உனக்குள் வர முடியவில்லை. அவரை ஒன்று சேர்க்கும் வழியை நானே எழுதி, இரண்டு கரண்டி என்று அளவும் சொல்லி உன் கையில் கொடுத்தேன். உன்னை அவரிடம் பூட்டிக் கொடுப்பது இது எனக்கு இரண்டாவது தடவை.

லீவுக்குக் காத்திருக்கவில்லை. இன்றிரவு ரயிலில் இடம் இல்லை, நாளைக் காலை ரயில். இந்தக் கடிதம் இன்றிரவே கிளம்பும் கூரியரில் எனக்கு முன்னால் வந்துவிடும். கீழ் வீட்டு அம்மாவின் கையில் கொடுக்கச் சொல்லி உறை மேல் எழுதியிருக்கிறேன், அவர் கதவைத் தட்டி உள்ளே கொடுப்பார். யார் பிரித்துப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீயாக இருந்தால், அக்கா, உள்ளே எங்காவது ஒரு மூலையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால்கூடப் போதும். தாழ் வைக்க வரும் ஆளை உள்ளே விடாதே. சாயங்காலம் நான் வந்து சேரும்வரை மட்டும் பிடித்து நில்.

நீங்களாக இருந்தால், அப்பா, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் மறந்துவிட்டேன், அதை நீங்கள் சாகும்வரை மன்னிக்கவில்லை. இந்தத் தடவை எனக்கு மறதி கிடையாது. தெரிந்தே, என் கையால், அந்தக் கதவைத் திறக்க வருகிறேன்.

சின்னவன்